இரண்டு சீட்டிலும் ஒரே சொல்

எபி,

கட்டில் மேல் பெட்டி திறந்தபடி கிடக்கிறது. முப்பது கிலோவுக்கு மேல் ஏற்ற மாட்டார்களாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி நின்று, என் எடையைக் கழித்துப் பார்த்தேன், இருபத்தாறு வருகிறது. வியாழக்கிழமை மஸ்கட் விமானம். நீயும் அம்மாவும் பள்ளிக்கூடத்தில் இருக்கிறீர்கள், நீ ஒன்றாம் வகுப்பில், அவள் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் பாடம் எடுத்துக்கொண்டு. எனக்கு இந்த வாரம் முழுக்க விடுப்பு. வீட்டில் சும்மா உட்கார்ந்து பழக்கமில்லை, அதனால் இதை எழுதுகிறேன். உனக்கு இப்போது ஆறு வயது. நீ வளர்ந்து, வேலைக்குப் போய், ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்த ஆரம்பிக்கும்போது படிப்பதற்காக எழுதுகிறேன். அதற்கு முன்னால் உன் அம்மா உன் கையில் கொடுத்தால் அது அவள் இஷ்டம். வேறு யார் படித்தாலும் படிக்கட்டும். நேற்றிலிருந்து ஒளிக்க ஒன்றும் இல்லை.

நேற்று சபையில் நான் மைக்கைப் பிடித்துப் பேசியதை நீ முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டாய். திரும்பி வரும்போது, பாரிவாக்கம் சிக்னலில் ஸ்கூட்டர் நின்றதும், முன்னால் நின்றுகொண்டிருந்த நீ தலையைத் திருப்பி, "அப்பா, நீங்க பொய் சொன்னீங்களா?" என்று கேட்டாய். அம்மா பின்னால் உட்கார்ந்திருந்தாள். சிக்னல் விழுந்தது, நான் வண்டியை எடுத்தேன், பதில் சொல்லவில்லை. பதில் இதுதான்: ஆமாம், சொன்னேன். உன் அம்மா கடவுளிடம் ஒரு கேள்வி கேட்டாள். பதிலை நான் எழுதி வைத்துவிட்டேன். அது அவர் கொடுத்த பதில் என்று நம்பி அவள் ஒரு வருஷம் வாழ்ந்தாள். உண்மை தெரிந்த நாளிலிருந்து அவள் எதையும் கேட்பதில்லை. ஜெபிக்கிறாள், நன்றி சொல்கிறாள், வியாதிக்காரர்களுக்காகக் கண்ணீர் விட்டு மன்றாடுகிறாள். தனக்கென்று அவரிடம் எதையும் கேட்பதில்லை, என்னிடமும் கேட்பதில்லை. அவள் மறுபடி கேட்பாளா என்பதுதான் மூன்று வருஷமாக இந்த வீட்டில் இருக்கிற ஒரே பிரச்சினை. மற்றதையெல்லாம் எப்படியாவது சமாளித்துவிடலாம்.

சீட்டுப் போடுவது உன் அம்மா வீட்டு வழக்கம். தூத்துக்குடிப் பக்கம் அவர்கள் ஊர். வீட்டில் பெரிய காரியம் எதுவானாலும் ஒரு வாரம் ஜெபித்துவிட்டு, "சித்தம்" என்று ஒரு தாளிலும் "சித்தம் இல்லை" என்று இன்னொரு தாளிலும் எழுதி, நாலாக மடித்து, எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கி, கண்ணை மூடி ஒன்றை எடுப்பார்கள். அப்போஸ்தலர்களே அப்படித்தான் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது அவர்கள் நியாயம். ஒரு விதி உண்டு: எடுத்த சீட்டைத்தான் பிரிக்க வேண்டும், உள்ளே மிச்சம் இருப்பதைப் பிரித்துப் பார்க்கக் கூடாது. பார்த்தால் சந்தேகப்பட்டதாக அர்த்தம். என்னையே அப்படித்தான் எடுத்தார்கள். மூன்று மாப்பிள்ளை, மூன்று சீட்டு. ஒருவர் ரயில்வே, இன்னொருவர் பல் டாக்டர், நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் மெயின்டனன்ஸ் என்ஜினியர். கல்யாணமான புதிதில் அவளிடம் கேட்டேன், "டாக்டர் சீட்டு வரலியேன்னு வருத்தமா?" அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "எங்கம்மா வருத்தப்பட்டாங்க. அவங்களுக்குத்தான் பல்லு வலி."

எனக்கு இதில் நம்பிக்கை இருந்ததில்லை. நான் கள்ளிக்குப்பத்தில் பிறந்து வளர்ந்தவன். என் அப்பா லேத் ஓட்டியவர்; ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போவார், திங்கட்கிழமை மைக்ரோமீட்டரை நம்புவார். எனக்கு அந்த இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போட்டதில்லை. ஆண்டவர் இருக்கிறார், அவர் கொடுத்த மூளையும் இருக்கிறது, இதில் டம்ளருக்கு என்ன வேலை என்று நினைப்பேன். வெளியே சொன்னதில்லை. நீ பிறந்தபோது உன் பெயருக்குச் சீட்டுப் போட்டோம். அவள் அப்பா சொன்னது எபினேசர், அவள் சொன்னது ஆசேர், நான் சொன்னது ரோஷன். எபினேசர் வந்தது. மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அந்த முகத்தை நினைவில் வைத்துக்கொள், பின்னால் அதைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உனக்கு இரண்டு வயதாகும்போது இந்த ஃபிளாட்டைப் பார்த்தேன். வாடகை வீட்டில் இருந்து அலுத்துப் போயிருந்தது. இங்கிருந்து வேலைக்கு அரை மணி நேரம், வெயில் வராத படுக்கையறை, கீழ்த்தளம், நீ ஓட இடம். இரண்டு வாரம் அலைந்து வேறு பதினான்கு வீடு பார்த்து ஒதுக்கியிருந்தேன். உன் அம்மா வந்து பார்த்தாள். சமையலறை ஜன்னல் வழியாக ஏரிக்கரை தெரிந்தது. "தண்ணி வருமாங்க?" என்றாள். வாசலில் இருந்த டீக்கடைக்காரரிடம் கேட்டேன். "பத்து வருசமா கட வச்சிகினு கீறேன், ஒரு தபா கூட வர்ல சார்" என்றார். கடையை அவர் அங்கே போட்டது அதற்கு முந்தின வருஷம்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு மெஷினை வாங்குவதற்கு முன்னால் நூறு கேள்வி கேட்கிறவன், உங்கள் இருவரையும் குடியேற்றப் போகிற தரை ஏரியின் மட்டத்துக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று அளந்து பார்க்கவில்லை. அவசரம். எனக்கு எப்போதும் அவசரம். கட்டியவர் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்றார். அம்மா, "ஒரு வாரம் ஜெபிச்சுட்டு சீட்டுப் போடுவோம்" என்றாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம், "நீங்களே எழுதுங்க, உங்க கையெழுத்துதான் ஒழுங்கா இருக்கும்" என்று காலண்டர் தாளைக் கிழித்துக் கொடுத்தாள். இரண்டிலும் "சித்தம்" என்று எழுதினேன்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் முழங்காலில் நின்று நீண்ட ஜெபம் செய்தாள். "எங்க ஆசையை ஒதுக்கி வச்சுட்டோம் ஆண்டவரே, உங்களுக்கு வேண்டாம்னா எங்களுக்கும் வேண்டாம்" என்று அவள் சொன்னபோது நான் ஆமென் என்றேன். சீட்டைப் பிரித்ததும் அழுதாள். தேதி போட்டு அதைத் தன் வேதப்புத்தகத்தின் பின்னட்டையில் ஒட்டி வைத்தாள். மிச்சச் சீட்டை நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அதே வாரம் கம்பெனியில் ஒரு காரியம் நடந்தது. பிரஸ் மெஷினின் பாதுகாப்புக் கதவில் ஒரு சென்சார் உண்டு. கதவு திறந்திருந்தால் மெஷின் அடிக்காது, உள்ளே இருக்கும் கை தப்பிக்கும். முருகேசன் என்கிற டெக்னீஷியன் அந்த சென்சாருக்கு ஜம்பர் போட்டிருந்தான். ஒரு சின்ன ஒயர்த் துண்டுதான், கதவு திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் மெஷினுக்கு 'எல்லாம் சரி' என்றே தெரியும். கையும் களவுமாகப் பிடித்தேன்.

"சும்மா சும்மா நின்னுடுது சார். புரொடக்‌ஷன் போவுதுன்னு நீங்கதான திட்டுவீங்க?"

"யாரோட கையாவது போச்சுன்னா?"

"இத்தினி நாளு போவலியே சார்."

அவனை ஒரு வாரம் சஸ்பெண்ட் செய்ய எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது எனக்கு எதுவும் உறைக்கவில்லை. அதை உனக்குத் தெரியச் சொல்கிறேன். தப்புச் செய்கிறவனுக்கு உள்ளே மணி அடிக்கும் என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எனக்கு அடிக்கவில்லை. நல்ல வீடு கிடைத்தது, மனைவி சந்தோஷமாக இருக்கிறாள், யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் இருந்தேன்.

குடிவந்த இரண்டாவது மாதம் உன் அம்மா சபையில் எழுந்து சாட்சி சொன்னாள். வீட்டுக்காகத் தான் பயந்தது, ஜெபித்தது, டம்ளரில் கை விட்டது, ஒரே சொல்லில் பதில் வந்தது எல்லாவற்றையும் சொன்னாள். அவளுக்கு மேடைக் கூச்சம். புடவை முந்தானையைத் திருகிக்கொண்டே சொன்னாள். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

அடுத்த வருஷம் மழை வந்தது. உனக்கு மூன்று வயது, இளைப்பு இருந்தது; மழைக்காலம் முழுக்க நெபுலைசர் வைக்க வேண்டியிருந்தது. ஒரு விஷயத்தில் என்னைக் குறை சொல்ல முடியாது, நான் தயாராக இருந்தேன். பத்திரங்கள் பிளாஸ்டிக் உறையில், டார்ச், மாத்திரை, பிஸ்கெட், இரண்டு நாள் துணி, எல்லாம் ஒரு பையில். இன்வெர்ட்டரும் முழு சார்ஜில். ஆனால் அது தரையில் இருந்தது. இரண்டாம் நாள் காலையில் கரண்ட் போயிற்று. பத்து மணிக்கு ஏரித் தண்ணீர் கார் நிறுத்தும் இடத்துக்கு வந்தது. பதினோரு மணிக்கு வாசல்படியைத் தாண்டியது. இன்வெர்ட்டர் ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றது. உனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. இரண்டாவது மாடியில் இருக்கும் நசீர் பாய், பூந்தமல்லியில் தையல்கடை வைத்திருப்பவர், படியில் இறங்கி வந்தார். "தம்பி, மேல வந்துடுங்க, சோறு இருக்கு. ஆனா கரண்டு இல்ல. புள்ளைக்கு அந்த மெஷின் வெக்கணுமே, அத யோசிங்க" என்றார். என் அப்பா வீட்டில் கரண்ட் இருந்தது. அங்கே போவதற்கு ஒரே வழி பக்கத்து ஊர் நூம்பலில் இருக்கும் மாரி அண்ணனின் டிராக்டர். காலையிலிருந்து தெருவில் இருந்தவர்களை அவர் ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

அவர் எங்கள் வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தார். "இன்னா சார், இன்னும் உள்ளயே கீறீங்க? இதான் கடசி டிரிப்பு. அப்பால வண்டி உள்ள வராது, சொல்ட்டேன்."

"ரெண்டு நிமிஷம் அண்ணே."

"அத தண்ணியாண்ட சொல்லு சார்."

உன் அம்மா படுக்கையறையில் கட்டில் மேல் உன்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் கட்டில் காலில் பாதி ஏறியிருந்தது. "நீங்க எபிய தூக்கிட்டுப் போங்க. நான் வரல" என்றாள். பைத்தியமா உனக்கு என்று கத்தினேன். அவள் கத்தவில்லை. "இது அவரு குடுத்த வீடு. அத்தனை பேரு முன்னால எந்திரிச்சு நின்னு சொல்லிருக்கேம்லா. தண்ணி வந்ததும் ஓடிட்டா, அன்னைக்குச் சொன்னது என்னது? கொஞ்சம் பொறுங்க. வடிஞ்சிரும்." உன்னைத் தூக்கப் போனேன்; நீ அவள் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றாய். இழுத்தால் உனக்கு மூச்சு இன்னும் வாங்கியது. நியாயமாகப் பேசிப் பார்த்தேன், அதட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். அவளுக்கு உன்மேல் அக்கறை இல்லை என்று நினைத்துவிடாதே. உன் முதுகைத் தடவிக்கொண்டேதான் இருந்தாள். இதைவிடப் பெரிய ஒன்று தன்னைத் தாங்குகிறது என்று நம்பினாள். அவளைத் தாங்கியது என் கையெழுத்து.

வெளியே மாரி அண்ணன் எஞ்சினை முறுக்கினார். நான் சொன்னேன்: "ரெண்டுலயும் ஒண்ணுதான் எழுதியிருந்தேன்."

"எதுல?"

"சீட்டுல. ரெண்டுலயும் சித்தம்னுதான் எழுதினேன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை, கட்டில் காலில் அசைந்துகொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தாள். "மத்தது எங்க?" என்று கேட்டாள். சட்டைப் பையில் இருந்தது, துவைக்கிற மெஷினில் போய்விட்டது என்றேன். தலையை ஆட்டினாள். எழுந்தாள். நெபுலைசரை எடுத்துப் பையில் வைத்தாள், மருந்துக் குப்பிகளை எண்ணி வைத்தாள், உன்னை நசீர் பாயின் தோளில் கொடுத்துவிட்டு, புடவையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடந்தாள். டிராக்டரில் ஏற நான் கை நீட்டினேன்; அவள் மாரி அண்ணனின் தோளைப் பிடித்து ஏறி, நசீர் பாயிடமிருந்து உன்னை வாங்கிக்கொண்டாள். போகும் வழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இவன் பேரு?"

"அது நிஜம். நான் திருட்டுத்தனம் பண்ணியிருந்தா ரோஷன்னு வந்திருக்கும்ல? மூணு நாள் என் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு நீயே பார்த்தியே."

"புடிச்சுக்கோமா, பள்ளம் வர்து" என்றார் மாரி அண்ணன். அவள் உன்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் சொன்னது சரியான தர்க்கம். இன்றைக்கும் அதில் ஓட்டை இல்லை. ஆனால் பொய் சொன்னவன் சொல்கிற உண்மையைத் தர்க்கத்தால் நம்ப வைக்க முடியாது என்று அந்த டிராக்டரில்தான் தெரிந்துகொண்டேன். உன் பெயர் சுத்தமாக வந்த பெயர், எபி. நீ என்னை நம்பினால் நம்பு.

தண்ணீர் வடிந்தது, திரும்பி வந்தோம். கடன் இருக்கிறதே, வேறெங்கே போவது? சுவரில் இருந்த கறையின் மேல் பெயின்ட் அடித்தேன். இன்வெர்ட்டரைச் சுவரில் தலை உயரத்தில் மாட்டினேன். உனக்கும் இளைப்பு மெல்ல விட்டது. ஒரு நாள் அம்மா துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "சபையில நான் சொன்னதை நான் எப்படித் திருப்பி எடுக்க? நீங்கதான் சொல்லணும்." அவ்வளவுதான், மறுபடி சொல்லவில்லை. சொல்கிறேன் என்றேன். பண்டிகை வந்தது, அப்புறம் பாஸ்டருக்கு உடம்பு சரியில்லை, அப்புறம் சபையில் இரண்டு கோஷ்டிக்குச் சண்டை, இந்த நேரத்தில் எதற்கு என்று மூன்று வருஷம் ஓட்டினேன். இதற்கு நடுவில் வீட்டில் ஒரு மாதிரி அமைதி வந்தது. எது சொன்னாலும் சரிங்க என்பாள். சாயங்காலம் எங்கே போகலாம் என்றால் எங்கேயானாலும் சரி. என்ன வேண்டும் என்றால் ஒன்றும் வேண்டாம். முன்னால் சண்டை போடுவாள், கேலி செய்வாள், பல் டாக்டரை இழுப்பாள். அதெல்லாம் நின்றுபோயிற்று. எனக்கு அது நிம்மதியாக இருக்கும் என்று ஒரு காலத்தில் நினைத்திருப்பேன். இல்லை. ஒன்றும் கேட்காத ஆளோடு வாழ்வது மிகவும் களைப்பான காரியம்.

இந்த வருஷம் கம்பெனியில் எங்கள் லைனை மார்ச் மாதத்தோடு மூடுகிறார்கள். பெட்ரோல் எஞ்சினுக்கு நாங்கள் செய்கிற பாகத்தை வாங்க ஆள் குறைந்துவிட்டது. ஏஜென்ட் மூலம் மஸ்கட்டில் இரண்டு வருஷ வேலை வந்தது. அம்மாவிடம் சொன்னேன். கேட்டேன் என்று எழுத வந்தேன், அது உண்மையில்லை. போகிறேன் என்று சொன்னேன். சரிங்க என்றாள்.

நேற்று பாஸ்டர் என்னை முன்னால் கூப்பிட்டு, வழியனுப்பும் ஜெபத்துக்கு முன் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். பேசினேன். மைக் கிரீச்சிட்டது, அதை நானே சரி செய்துவிட்டுப் பேசினேன். சீட்டில் எழுதியதை, தண்ணீருக்கு நடுவில் சொன்னதை, மூன்று வருஷம் தள்ளிப் போட்டதை. "அவ சொன்ன சாட்சில அவ பங்கு முழுக்க உண்மை. பொய் என்னோடது" என்று முடித்தேன். யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. பாஸ்டர் தொண்டையைக் கனைத்து, "சரி, ஜெபிப்போம்" என்றார். பாதுகாப்பான பிரயாணத்துக்காக மட்டும் ஜெபித்தார்.

வெளியே செருப்பு மாட்டும்போது தேவதாஸ் அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். பஸ் கண்டக்டராக இருக்கிறாரே, உனக்கு எப்போதும் ஆரஞ்சு மிட்டாய் கொடுப்பவர்.

"தம்பி, உங்க வீட்டம்மா சாட்சி சொன்ன அடுத்த மாசம்தான் நாங்க எங்க பொண்ணு ஷீபாவுக்குச் சீட்டுப் போட்டோம். ரெண்டு வரன். அதுக்கு முன்ன எங்க ஊட்ல அந்தப் பழக்கமே இல்ல."

"நல்லா இருக்காங்களாண்ணே?"

"இருக்கா. தங்கமான பையன். அதுல ஒண்ணும் கொறயில்ல." செருப்பைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டார். "சீட்டு எழுதினது என் மச்சான். நாங்களும் இன்னொண்ண பிரிச்சுப் பாக்கல. இன்னிக்கி ஊட்டுக்குப் போனா என் சம்சாரம் அதத்தான் கேப்பா. நான் இன்னா சொல்றது?"

மன்னிச்சிடுங்கண்ணே என்றேன். "உம்மேல கோவமில்ல" என்று சொல்லிவிட்டு, உனக்கு மிட்டாய் கொடுக்காமலே போய்விட்டார். ஒரு சின்ன ஒயர்த் துண்டு எத்தனை மெஷின் தள்ளிப் போய் வேலை செய்யும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதுதானே என் தொழில்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் அப்பன் என்று ஒருவன் எழுதினால் அது இல்லாமல் முடியாது. உன் காலம் என் காலத்தைவிட மோசமாக இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது; மழை, வேலை இரண்டிலும். பத்திரங்களை உயரத்தில் வை. கையால் செய்கிற ஒரு வேலையாவது கற்றுக்கொள். வீடு வாங்கினால் தரையை நீயே அளந்து பார், டீக்கடையில் கேட்காதே. இதையெல்லாம் செய்வது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், சொல்லிவிட்டுப் போகட்டும். ஜெபிக்கிறவன் பையைக் கட்டி வைக்கக் கூடாது என்று நான் எங்கும் படித்ததில்லை. ஆனால் பையைக் கட்டி வைத்ததால் நான் ஆயத்தமாக இருந்தேன் என்றும் நினைத்துவிடாதே. தண்ணீர் வந்த அன்று பையில் எல்லாம் இருந்தது, உன் அம்மாவை எழுந்து வர வைக்க மட்டும் என்னிடம் எதுவும் இல்லை. சீட்டுப் போடுவதும் போடாததும் உன் இஷ்டம். யாரிடம் எதைக் கேட்டாலும், ஆண்டவரிடமோ பெண்டாட்டியிடமோ, வேண்டாம் என்று பதில் வருவதற்கு வழி வைத்துவிட்டுக் கேள். நான் அந்த வழியை அடைத்துவிட்டுக் கேட்டேன். அதற்குப் பெயர் கேட்பது இல்லை.

இதுவரை திங்கட்கிழமை எழுதியது. இங்கே நிறுத்த வேண்டியதாயிற்று, நீங்கள் வந்துவிட்டீர்கள். இப்போது செவ்வாய்க்கிழமை மத்தியானம்.

நேற்று சாயங்காலம் நீ பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போனதும் அம்மா வந்து அறை வாசலில் நின்றாள். பள்ளிக்கூடப் புடவையைக்கூட மாற்றவில்லை. நான் ஊறுகாய் பாட்டிலைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"என்னங்க."

"ம்."

"போகாதீங்க."

நான் நிமிர்ந்து பார்த்தேன். "மார்ச்சுக்கு அப்புறம்" என்று ஆரம்பித்தேன். எல்லாப் பதிலும் என்னிடம் வரிசையாக இருந்தது.

"தெரியும். எனக்குக் கணக்கு தெரியாதா? அவரு சொல்லல. எனக்கு வசனம் ஒண்ணும் கிடைக்கல, சொப்பனமும் வரல. நீங்க போக வேண்டாம்னு எனக்கு இருக்கு, அவ்வளவுதான்."

"இங்க வேலை கிடைக்கலன்னா?"

"தெரியல. நீங்க போனாலும் நான் சமாளிப்பேன், சமாளிக்க மாட்டேன்னு சொல்ல வரல." முந்தானையைத் திருகினாள், ஆனால் நிறுத்தவில்லை. "போகாதீங்கன்னு கேக்கேன்."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் பின்னால் போகவில்லை. அவள் முடிவு சரியா என்று எனக்குத் தெரியாது. எஸ்டேட்டில் இந்த வயதில் எனக்கு வேலை கொடுக்கப் பத்துக் கம்பெனி காத்துக்கொண்டிருக்கவில்லை. என் தொழில் அறிவைக் கேட்டால் இது தவறான முடிவு என்றுதான் சொல்லும். நேற்று ராத்திரி முழுக்க அது அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது.

இன்று காலையில் ஏஜென்டுக்கு, வரவில்லை என்று எழுதி அனுப்பினேன். பத்தே நிமிஷத்தில் போன் செய்தார். "இன்னா சார் வெளாடுறீங்களா, வியாழக்கிழம டிக்கெட்டு. யாரு சார் வேணாம்னு சொன்னா?" என்றார்.

என் மனைவி சொன்னாள் என்றேன். அவர் சிரித்தார், சிரிக்கட்டும். மார்ச்சுக்குப் பிறகு நாம் எப்படி இருப்போம் என்று நீ இதைப் படிக்கும்போது உனக்குத் தெரிந்திருக்கும், எனக்கு இப்போது தெரியவில்லை. அவள் இன்னும் என்னோடு உட்கார்ந்து ஜெபிக்கவில்லை. தனக்கென்று ஆண்டவரிடம் எதையாவது கேட்டாளா என்பதும் எனக்குத் தெரியாது, அது அவர்கள் இருவருக்கும் நடுவில். என்னிடம் ஒன்று கேட்டாள். மூன்று வருஷத்தில் தனக்காக அவள் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

அப்பா